பிள்ளையின் வியர்வைக்கு ஊசி எதற்கு?

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுக்க வேண்டிய மனுதான் இது. பெற்றோர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன்.

ஓசூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண், போன மாதம் ஒரு மாலை நேரத்தில் வந்து தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். சிப்காட்டில் முதல் ஷிப்ட் வேலை அவருக்கு. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டதாம். ‘கற்றாழை’ என்று பட்டப்பெயர் வேறு. கைபேசியில் இருந்தது, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சரும அழகு நிலையத்தின் விளம்பரம். அக்குளில் ஊசி போட்டால் வியர்வையும் இல்லை, வாடையும் இல்லை, பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் செய்கிறோம் என்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நிற்கும் சிறுமிகளின் படம். “சீட்டுப் பணம் வருது சார், கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டார்.

வேண்டாம்மா என்றேன். ஏன் என்பதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். உடம்பில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒன்று பிறந்தது முதல் உடல் முழுவதும் இருந்து உடம்பைக் குளிர்விப்பது. அதில் ஊறுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். மற்றொன்று அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருப்பது. பருவம் தொடங்கும் வரை அது உறங்கிக்கொண்டிருக்கும். பெண் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பதின்மூன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் விழிக்கும். அதில் சுரப்பதற்கும் சுரந்த உடனே வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் அந்த வாடை வருவது, அவள் வளர்கிறாள் என்பதற்கு அடையாளம். அதற்கு ஊசி எதற்கு?

அந்த ஊசி அழகுப் பொருளும் அல்ல, மருந்து. போட்டுலினம் என்ற நச்சிலிருந்து தயாராவது. அக்குளில் அளவு மீறிச் சுரக்கும் வியர்வைக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் இதற்கு அனுமதி கொடுத்தது. அப்போதும் பூச்சு மருந்துகளால் தீராத கடுமையான நிலைக்கு, வயது வந்தோருக்கு மட்டும் என்றுதான் கொடுத்தது. அதன் பலனும் சில மாதங்களில் தேய்ந்துவிடும், மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதில் தொடங்கினால் எத்தனை சீட்டு எடுப்பது?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிடவும் நான் சொல்லவில்லை. பருவம் தொடங்கிய பிள்ளை குளித்து, ஈரம் துடைத்து, வாசனை குறைந்த ரோல் ஆன் ஒன்றைப் பூசிக்கொள்வதில் தவறு இல்லை. வியர்வையை அடைக்கும் வகைகளில் இருப்பது அலுமினிய உப்பு. சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கிறார்களே படிகாரம், அதன் உறவுதான். தோல் எரிந்தாலோ தடித்தாலோ நிறுத்திவிட வேண்டும், அவ்வளவே. ஆனால் பாடி ஸ்ப்ரே டப்பாவைப் பள்ளிப் பையில் போட்டு அனுப்பாதீர்கள் என்று பெற்றோரை வேண்டிக்கொள்கிறேன். அதில் அழுத்தி அடைத்திருப்பது தீப்பற்றும் வாயு. மூடிய அறையில் அதை மூச்சில் இழுத்து உயிரிழந்த பிள்ளைகள் உலகில் உண்டு.

சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உள்ளங்கை சொட்டச் சொட்ட வியர்த்து, பரீட்சைத் தாள் நனைந்து, பேனா வழுக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அது பரம்பரையாகவும் வரும் ஒரு நிலை, தூங்கும்போது நின்றுவிடும். தோல் மருத்துவரிடம் பூச்சு மருந்தும், தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறையும் உண்டு. எட்டு வயதுக்கு முன் பெண் குழந்தையிடமோ ஒன்பதுக்கு முன் ஆண் குழந்தையிடமோ பெரியவர் வாடை வந்தால், குழந்தை நல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஹார்மோன் முந்திக்கொண்டதா என்று சோதிக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் சென்ட் அடித்து மறைத்தால் நோயும் சேர்ந்து மறைந்துவிடும்.

ஐயா, அந்தப் பெண்ணின் வீட்டையும் சொல்ல வேண்டும். லைன் வீடு. ஒரே அறை, வரிசையில் இருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக இரண்டு குளியலறை. தண்ணீர் விடும் நாளுக்குக் காத்திருந்து குடத்தில் பிடித்து வைப்பார்கள். விளையாட்டு வகுப்பில் ஓடி வியர்த்த சட்டையைச் சாயங்காலம் துவைக்க அந்த வீட்டில் தண்ணீர் இருக்காது. மறுநாளும் அதே சட்டைதான். சீருடைத் துணியில் பாலியெஸ்டர் கலப்பு. பருத்தியைவிட வாடையை அதிகம் பிடித்து வைக்கும் இழை அது. ஓசூரிலாவது உயரத்தின் குளிர்ச்சி உண்டு. சூளகிரி தாண்டி கீழே இறங்கினால் பங்குனி, சித்திரையில் வகுப்பறை அடுப்பாக இருக்கிறது. வாரத்தில் ஓரிரு நாளாவது பருத்திச் சட்டை போட அனுமதித்து, பெண் பிள்ளைகள் முகம், அக்குள் கழுவிக்கொள்ளத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு அறையைப் பள்ளியில் கொடுத்தால், அந்தப் பட்டப்பெயரில் பாதி அழிந்துவிடும்.

விளம்பரத்துக்கு வருகிறேன். அந்த அழகு நிலையம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அது கர்நாடகத்தின் பொறுப்பு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நம் மருந்து ஆய்வாளர் எல்லையில் உள்ள ஜூஜூவாடியைத் தாண்டிப் போய்ச் சோதனை போட முடியாதுதான். ஆனால் விளம்பரம் வந்து சேர்ந்தது ஓசூரில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 16ஆம் பிரிவு, தவறான விளம்பரம் குறித்த புகாரை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கே கொடுத்திருக்கிறது. அந்த ஆணையத்துக்கு மாநில எல்லை கிடையாது. 2022 ஜூன் மாதம் அதே ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளையோ சேவையையோ வாங்காவிட்டால் குழந்தை கேலிக்கு ஆளாகும், மற்றவர்களுக்குத் தாழ்ந்துபோகும் என்று காட்டுவதைத் தடை செய்கின்றன. மூக்கைப் பொத்திய சிறுமிகளின் படம் வேறு எதைக் காட்டுகிறது?

விசாரணைக்கு உத்தரவிடுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்க ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வரும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய திட்டக் குழுவை வியர்வை, வாடை பற்றியும் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். தேவைப்படுபவர்களைக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி அனுப்பட்டும். பட்டப்பெயர் வைப்பது விளையாட்டல்ல என்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லட்டும்.

அந்தப் பெண் மகளை அழகு நிலையத்துக்கு அழைத்துப் போகவில்லை. விளம்பரத்தின் படத்தை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அச்செடுத்து, மனுவோடு சேர்த்து, வரும் திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், ஓசூர்