மேலே பூசினால் ஒன்றும் ஆகாதா?

"உள்ளுக்குக் கொடுத்தால்தான் ஆபத்து, பூசுகிற களிம்பு பிள்ளையை என்ன செய்யும்?" காரைக்கால் மருந்துக்கடைகளில் கேட்கும் வாதம். தோலென்ன, தகரமா?

1. எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தையின் தோல்பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம். பூசும் மருந்து அதிகமாகவே ரத்தத்தில் சேரும். டயப்பர் மூடிய இடத்தில் இன்னும் மோசம்.

2. "இரண்டே நாளில் சிவப்பு போகிறதே?" போக்குவது ஸ்டீராய்டு. குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் கலந்த களிம்பை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், முகம் உப்பும், அட்ரினல் சுரப்பி அடங்கும், வளர்ச்சியே தடைப்படலாம். அடியில் பூஞ்சைப் படை இருந்தால், அதுவோ மறைந்தபடி பரவும். இதற்குப் பெயர் குணமா?

3. "கேட்டதும் கடையில் தருகிறார்களே?" 2018-இலேயே இத்தகைய களிம்புகள் அட்டவணை 'எச்'-இல் சேர்ந்துவிட்டன. சீட்டின்றி விற்பது சட்டமீறல்.

4. கற்பூரத் தைலமும் இரண்டு வயதுவரை கூடாது. வலிப்பு வரலாம்.

டயப்பர் புண்ணுக்குக் காற்றோட்டமும் துத்தநாகக் களிம்பும் பெரும்பாலும் போதும். மூன்று நாளில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.