21ஆம் நாள் தண்ணீர்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்துப் பஞ்சாபி நண்பர் தினமும் ஊருக்குப் போன் போடுவார். நலம் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி, "முதல் தண்ணீர் விட்டாச்சா?" சங்ரூர் பக்கத்தில் அவருடைய அப்பாவுக்குச் சில ஏக்கர் கோதுமை. நான் கோதுமையை ஆட்டா மாவாகப் பார்த்ததோடு சரி. நெல்லைப் போல அதற்கும் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கும் என்று சொன்னேன். சிரித்துவிட்டார்.

நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கும்வரை கோதுமைக்கு நான்கைந்து முறை தண்ணீர் விட்டால் போதுமாம். அதில் எதைத் தள்ளிப்போட்டாலும், விதைத்த 21ஆம் நாளை ஒட்டி வரும் முதல் தண்ணீரைத் தள்ளிப்போட முடியாது. விதையிலிருந்து முதலில் சில மெல்லிய வேர்கள் இறங்குகின்றன. மூன்று வாரம் கழித்து, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே தண்டின் அடிக்கணுவிலிருந்து இன்னொரு வேர்க்கூட்டம் புறப்படுகிறது. பயிரைக் கடைசிவரை தாங்கி நிற்பவை இவைதான். அந்த நேரத்தில் மேல்மண் காய்ந்து கிடந்தால் வேர் இறங்காது, தூரும் கட்டாது. தூர் குறைந்தால் கதிர் குறையும். பிறகு ஆறாக ஓடவிட்டாலும் போனது போனதுதான். அதற்காக அள்ளி ஊற்றவும் கூடாது. முதல் தண்ணீர் தேங்கி நின்றால் இளம்பயிர் மஞ்சளித்துவிடும்.

அடுத்த கவலை பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும். பூக்கையில் மண் வறண்டால் மணிகளின் எண்ணிக்கை குறையும்; பால் பிடிக்கையில் வறண்டால் மணி சுருங்கும். 2022 மார்ச்சில் வழக்கத்துக்கு மாறாக வெயில் கொளுத்தி, வட இந்தியாவில் மணிகள் சிறுத்துப்போயின. அந்த மே மாதமே இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். அங்கே பெரும்பாலும் அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. நிலத்தடி நீரோ ஆண்டுக்கு ஆண்டு கீழே போகிறது. கோதுமையைவிட நெல்தான் அதிகம் உறிஞ்சுகிறது என்று நண்பர் தம் பயிருக்கு வக்காலத்து வாங்குவார். அதில் உண்மையும் இருக்கிறது.

மோட்டாருக்கு மின்சாரம் முறை வைத்து வரும். பல நாள் அது நள்ளிரவில்தான். போன மார்ச்சில் அப்படி மின்சாரம் வந்த இரவில் காற்று பலமாக அடித்திருக்கிறது. ஈர மண்ணில் கனத்த கதிர் காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று அப்பா மோட்டாரைப் போடவே இல்லை. இரவெல்லாம் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாராம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

இந்த ஆண்டு நண்பர் டிசம்பரில் ஒரு வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறார். தேதியை இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊரில் விதைப்பு முடியட்டும், அன்றிலிருந்து எண்ணிச் சொல்கிறேன் என்கிறார்.