பம்பை மாற்றுவதற்கு முன் காது கொடுங்கள்

உச்சி வெயிலில் பழைய மொரிஸ் மைனர் நின்றுவிட்டால் ஊரில் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "பம்ப் போய்ட்டு, மாத்துங்க." விடைத்தாளைத் திறக்காமலே புள்ளி போடுகிற வேலை இது.

புது பம்ப் பூட்டியதும் கார் ஓடும், உண்மைதான். ஆனால் பூட்டி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிட்டதே! குழாயில் ஆவியான பெற்றோலும் திரும்பத் திரவமாகிவிட்டது. பெயர் பம்புக்கு, செலவு நமக்கு. அடுத்த வெயிலில் அதே இடத்தில் நிற்போம்.

உறவுகளே, அந்தக் காரின் எஸ்.யூ. மின்பம்ப் தானே பேசும். சாவியைத் திருப்பிக் கேளுங்கள்.

விடாமல் 'டிக் டிக்' என்றால் பெற்றோல் வரவில்லை: தாங்கி காலி, குழாயில் காற்று, அல்லது ஆவி.

சில தடவை அடித்து நின்றால் பெரும்பாலும் பெற்றோல் வந்துவிட்டது. கொயில், கண்டென்சரைப் பாருங்கள். சூட்டில் அவையும் மடக்கும்.

சத்தமே இல்லையா? வயரையும் பம்பின் பொயின்ட்டையும் பாருங்கள்.

தாங்கி மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சூடான எஞ்சினில் பெற்றோல் குழாயைக் கழற்றாதீர்கள். காபரேட்டருக்குக் கீழேயே எக்சோஸ்ட் இருக்கிறது. பொனட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கார் போனால் இன்னொன்று வாங்கலாம்.