உயிரைக் காக்கும் வைத்தியம் காதையும் காக்கட்டும்!

"புற்றுநோய் வந்தவனுக்கு உயிர்தான் முக்கியம், காது போனால் போகட்டும்" என்ற பேச்சு ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நடமாடுகிறது, நம் வீடுகளிலும் நடமாடுகிறது. இது சரியல்ல என்று நாம் கூறுகிறோம். உயிரும் வேண்டும், காதும் வேண்டும். உழைத்துப் பிழைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் காது கம்மல் மாட்டும் இடம் மட்டுமல்ல. அது வேலைக் கருவி. இயந்திரம் தப்பாக ஓடுவதை முதலில் சொல்வது காது. பின்னால் டிராக்டர் வருவதைச் சொல்வதும் காதுதான்.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய் நம் உழைப்பாளி மக்களை வெகுவாகத் தாக்குகிறது. காரணங்கள் நமக்குத் தெரிந்தவையே. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட அடக்கும் புகையிலை, வயல் வேலையில் பசியை மறக்க மெல்லும் வெற்றிலை பாக்கு, பீடி, சாராயம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் அறுவை செய்கிறார்கள். அல்லது ஜனங்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை தருகிறார்கள். பலருக்கு இரண்டும் தேவைப்படுகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம் கதிர் வைக்கிறார்கள். நோய் முற்றியிருந்தால் கூடவே சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் நரம்பில் ஏற்றுகிறார்கள். இந்த வைத்தியம் ஏராளமானோரைப் பிழைக்க வைத்திருக்கிறது. அதே வைத்தியம் காதையும் தொடுகிறது. எப்படி?

முதலாவது, நடுக்காது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்றுப் போக ஒரு சிறு குழாய் உண்டு. கதிர் பட்டு அது வீங்கினால் காற்று போகாது. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். காது அடைத்தாற்போல் இருக்கும். இதற்கு வைத்தியம் உண்டு.

இரண்டாவது, உள்காது. நத்தைக் கூடு போலச் சுருண்ட அந்த உறுப்பில் மயிரிழை போன்ற நுண்ணிய உயிரணுக்கள் ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்புகின்றன. அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. கதிரால் வரும் இந்தக் கேடு உடனே தெரியாது. சிகிச்சை முடிந்து பல மாதம், சில வருஷம் கழித்தும் தலைகாட்டும். கன்னத்துச் சுரப்பியிலோ மூக்கின் பின்புறத்திலோ கட்டி இருந்தால், காது பக்கத்திலேயே இருப்பதால் அபாயம் அதிகம்.

மூன்றாவது, மருந்து. சிஸ்பிளாட்டின் இரத்தத்தோடு ஓடி இரண்டு காதையும் தாக்கும். கீச்சென்ற ஒலிகள் முதலில் போகும். சைக்கிள் மணி கேட்காது. குழந்தை பேசுவது காதில் விழும், ஆனால் விளங்காது.

மில் தொழிலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். தறியின் இரைச்சல் வருஷக்கணக்கில் அரிப்பதும் பெரும்பாலும் இந்தக் கீச்சொலிகளைக் கேட்கும் பகுதியைத்தான். ஏற்கெனவே பாதி தேய்ந்த காதோடு ஒரு தொழிலாளி சிகிச்சைக்குப் போகிறார். அவருடைய காது எந்த நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டியே சோதிக்காவிட்டால், மருந்து எவ்வளவு எடுத்தது, மில் எவ்வளவு எடுத்தது என்று யாரால் சொல்ல முடியும்?

முன்கூட்டிச் சோதிப்பது கணக்குக்காக மட்டுமல்ல. எந்த மருந்து கொடுப்பது என்பதையே அது தீர்மானிக்கக்கூடும். காது மந்தம், சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களால் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாத நோயாளிகளை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் ஆராய்ந்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருஷத்துக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 42 பேர். கதிரோடு டோசிடாக்செல் என்ற வேறு மருந்தும் பெற்றவர்களில் சுமார் 51 பேர். ஆக, காது மந்தமானவருக்கும் வழி இருக்கிறது. காது மந்தம் என்று முதலில் தெரிய வேண்டுமே!

கதிரிலும் அப்படியே. உள்காதின் மேல் படும் சராசரி அளவு 45 கிரேக்கு மிகாமல் இருக்க வேண்டும், 35-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2010-ல் நிபுணர்கள் தொகுத்துச் சொன்னார்கள். கட்டிக்குப் போகும் கதிரைக் குறைக்காமலே, கம்ப்யூட்டரில் திட்டமிட்டுக் காதை ஒதுக்கி வைக்கும் முறை இன்று பல இடங்களில் இருக்கிறது. கட்டி காதை ஒட்டியிருந்தால் முழுவதும் தப்ப முடியாதுதான். தப்ப முடிகிற இடத்திலாவது தப்ப வைக்க வேண்டாமா?

"நோயாளிக் கூட்டம் நெரிகிறது, காதைப் பார்க்க நேரமேது?" என்று கேட்பார்கள். டாக்டர்களும் நர்சுகளும் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் காதுச் சோதனைக்குப் பெரிய யந்திரசாலை தேவையில்லை. சத்தம் புகாத ஒரு சிற்றறை, ஒரு கருவி, பயிற்சி பெற்ற ஒருவர், அரைமணி நேரம் போதும். ஊசி இல்லை, வலி இல்லை.

சட்டமும் திருந்த வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சொலி அளவில் 60 டெசிபல் இழந்தால்தான் ஒருவர் காது மந்தமானவர். கன்னத்தில் கதிர் வைத்து ஒரு காதை முழுக்க இழந்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். கீச்சொலிகளை மட்டும் இழந்தவரும் வரமாட்டார். தறிக் கூடத்தில் எச்சரிக்கை விசில் கேட்காமல் கையை இழந்தால், அந்தக் கை கணக்கில் வருமாம்! இது என்ன நியாயம்?

எனவே நாம் கேட்பது இது. முதல் கதிருக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் இலவசக் காதுச் சோதனை வேண்டும். மருந்து ஏற்றும் காலத்திலும், முடிந்த பின் சில வருஷங்களுக்கும் அது தொடர வேண்டும். எந்தக் காப்பீடானாலும் சோதனையையும் காதொலிக் கருவியையும் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கிட வேண்டும். நோயிலிருந்து மீண்டு வரும் தொழிலாளிக்கு இரைச்சலில்லாத இடத்தில் வேலை தர வேண்டும்.

சிகிச்சையில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. காதுக்குப் பயந்து ஒரு நாள் கதிரையும் விட்டுவிடாதீர்கள். இடையில் நிறுத்தினால் நோய்க்குத்தான் கொண்டாட்டம். காது அடைத்தாலோ, இரைந்தாலோ, பேச்சு விளங்காவிட்டாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், குச்சி விடாதீர்கள். வீட்டிலிருப்பவர்கள் "கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்று நோயாளியைக் கோபிக்க வேண்டாம். எதிரே நின்று நிதானமாகப் பேசுங்கள்.

"என் காதைச் சோதித்தீர்களா?" என்று சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கேளுங்கள். படிக்காதவர்கள் கேட்கத் தயங்கினால் கூடப் போகிறவர்கள் கேளுங்கள், சங்கம் கேட்கட்டும். காது கேட்க வேண்டுமானால், நாம் வாய்திறந்து கேட்க வேண்டும்.