தணிக்கை கேட்காத ரெஜிஸ்டர்

வாகன இணையப் பாதுகாப்புக்கான ஐ.நா. விதி 155, ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்கள், பேருந்துகள், லாரிகள் எல்லாவற்றுக்கும் 2024 ஜூலையிலிருந்து பொருந்துகிறது. அதன் 7.3.7 பிரிவில் மூன்று கடமைகள் உண்டு. தாக்குதலைக் கண்டறிந்து தடுப்பது, கண்காணிப்புக்கு வழிசெய்வது என்ற இரண்டையும் பற்றி நம் துறையில் ஓயாத பேச்சு. மூன்றாவதை யாரும் தொடுவதில்லை: தாக்குதல் வென்றிருந்தாலும் வெறும் முயற்சியோடு நின்றிருந்தாலும், அதைப் பின்னால் ஆராயத் தடயத் தரவு வேண்டும். இந்த விதியை வரவேற்கிறோம். ஆனால் நாம் எழுதிவைத்திருக்கும் கேன் இன்டரப்ட் ஹேண்ட்லர்களைக் கொண்டு அந்த மூன்றாவது கடமையை நிறைவேற்ற முடியாது.

எஸ்.டி.எம்.32-இன் கேன் கண்ட்ரோலரான பிஎக்ஸ்கேனையே பாருங்கள். பிழை, விழிப்பு, உறக்க ஒப்புதல் மூன்றும் எஸ்.சி.ஈ. என்ற ஒரே வெக்டரில் வந்து விழுகின்றன. எம்.எஸ்.ஆர்.-இல் அவற்றுக்கான மூன்று ஃப்ளாகுகளும் 1 எழுதினால் அழிபவை. இது தெரிந்தவர்களே கைப்பழக்கத்தில் ரீட்-மாடிஃபை-ரைட் செய்து ஈ.ஆர்.ஆர்.ஐ.-ஐ அழிக்கிறார்கள். படித்த கணத்தில் டபிள்யூ.கே.யூ.ஐ. 1 ஆக இருந்தால், அந்த 1 திரும்பப் போய் விழிப்பின் அடையாளத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். அந்த ஒரு பிட்டை மட்டும் நேரடியாக எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை முறைதான் சொல்வது!

கடைசிப் பிழைக் குறியீடான எல்.ஈ.சி.யின் கதை இன்னும் மோசம். அடுத்த ஃப்ரேம் ஒன்று பிழையின்றிப் போனாலோ வந்தாலோ அது 0 ஆகிவிடும். ஹேண்ட்லரில் நுழைந்ததும் பிழை நிலை ரெஜிஸ்டரான ஈ.எஸ்.ஆர்.-ஐ ஒரே தடவையில் படித்து, பிழைக் கவுன்ட்டர்களான டி.ஈ.சி., ஆர்.ஈ.சி.யோடு நேரத்தையும் ரிங் பஃபரில் போட்ட பிறகே ஃப்ளாகில் கை வைக்க வேண்டும். என் பார்வைக்கு வரும் நிரல்களில் முதலில் அழிப்பு, அடுத்து ஒரு கவுன்ட்டரில் ஒன்று கூட்டல், அதோடு சரி.

2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சோவும் ஷின்னும் காட்டிய பஸ்-ஆஃப் தாக்குதல் நினைவிருக்கும். அனுப்புகையில் தூண்டப்படும் ஒவ்வொரு பிழைக்கும் டி.ஈ.சி. 8 ஏறும், தொடர்ந்து 32 பிழைகள் போதும், கண்ட்ரோலர் பஸ்ஸிலிருந்து விலகிவிடும். ஏ.பி.ஓ.எம். போட்டிருந்தால், 11 ரெசசிவ் பிட்கள் 128 முறை வந்ததும் கண்ட்ரோலர் தானாக மீளும். 500 கிலோபிட் வேகத்தில் அதற்குக் குறைந்தபட்சம் தேவைப்படுவது 3 மில்லி விநாடிக்கும் குறைவு. மீண்டதும் கவுன்ட்டர்கள் 0. களவு போன வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

விழிப்பிலும் இதே நிலைதான். உறங்கும் பிஎக்ஸ்கேனை எழுப்பும் ஃப்ரேம் ஃபிஃபோவுக்கு வராது, எஸ்.ஓ.எஃப். மட்டுமே தெரியும், பஸ்ஸோடு ஒத்திசைந்த பிறகே வரவு தொடங்கும். எழுப்பியவரின் ஐடி இல்லாதபோது எழுந்த நேரம் ஒன்றுதான் மிஞ்சும் துப்பு. அதையும் பதிந்துவைப்பதில்லை. டொயோட்டா ராவ்4 ஒன்றின் முன்விளக்கு வழியே கேன் கம்பியைப் பிடித்து வண்டியைக் கடத்திய கதையை 2023-இல் கென் டின்டெல் எழுதினார். அந்தத் திருட்டை அவிழ்க்க உதவியவை, ஈ.சி.யு.க்கள் தொடர்பிழந்தபோது பதிவான கோளாறுக் குறியீடுகள், அதாவது டி.டி.சி.க்கள். அங்கே பிழைகளை அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

விதியின் இணைப்பு 5, கேன் பஸ்ஸைச் செய்திகளால் மூழ்கடிப்பதையும் ஈ.சி.யு.வில் பிழையைத் தூண்டுவதையும் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக, எழுதியவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் ஒப்புதல் மேசையில் அலசப்படுபவை மூன்றாண்டு செல்லும் சி.எஸ்.எம்.எஸ். (இணையப் பாதுகாப்பு மேலாண்மை முறை) சான்றிதழும் இடர் மதிப்பீட்டுக் கோப்புகளும். மாதிரிச் சோதனை உண்டு. எதை, எப்படிச் சோதிப்பது என்பது பெரும்பாலும் ஒப்புதல் அதிகாரிகளின் விருப்பம். நம் இந்தியத் தரநிலையான ஏ.ஐ.எஸ். 189-உம் இதே தடத்தில்தான் போகிறது. அட்டவணை நிரப்ப ஆள் தேடும் அதிகாரிகளுக்கு ஒரு ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்க ஏனோ மனம் வருவதில்லை. கேட்பதும் பெரிதல்ல: மேசையில் ஒரு ஈ.சி.யு., ஒரு பிழை செலுத்தும் கருவி, 32 பிழைகள், பிறகு “பதிவைக் காட்டுங்கள்” என்ற ஒரே கேள்வி. இந்தச் சோதனையை அவர்கள் விதியில் சேர்க்கும்வரை, வாகன நிறுவனங்களில் இருக்கும் வாசகர்கள் தங்கள் சப்ளையர்களின் ஏற்புச் சோதனையில் சேர்த்துவிடலாம். அதற்கு ஜெனீவாவில் ஐ.நா. விதி எழுதுபவர்களின் அனுமதி வேண்டியதில்லை.