ஓட்டிய நேரம் யார் கணக்கில்?

பெங்களூரிலிருந்து திருப்பதியில் நடக்கும் மாநாட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறவர் அந்நேரம் என்ன வேலை செய்கிறார்? அலுவலகக் கணக்கில் எதுவும் இல்லை. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று பெட்ரோல் காசு வரும். ஓட்டிய நேரம் வராது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவருக்கு 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வும் கொடுக்கச் சொன்னது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மேலாளருக்கு அந்தக் காவல் கிடையாது. சுமார் 250 கிலோமீட்டர்தானே என்பார்கள். பலமனேர் தாண்டி மொகிலி மலைச்சரிவில் லாரிகளுக்கு நடுவே இறங்கியவர்கள் அந்தத் 'தானே'யைச் சொல்ல மாட்டார்கள். சித்தூருக்கு அப்பால் திருப்பதிவரை அகலமான சாலை. கண் செருகுவது அங்கேதான். (மாம்பழக் காலமென்றால் கூழ் ஆலை வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர் வரிசை தூக்கத்தைக் கலைக்கும். சித்தூர்க்காரர்களின் உபகாரம்.) தனியாக ஓட்டும் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பும் பயணம் வேறு: கடைசி அமர்வு ஐந்தரைக்கு முடியும், நன்றியுரை ஆறரை வரை நீளும், மறுநாள் காலை அலுவலகம். மாநாடு நடத்துகிறவர்கள் கடைசி நாளை மதியச் சாப்பாட்டோடு முடிக்கட்டும். அனுப்புகிற நிறுவனம் ஓட்டிய நேரத்தை வேலைநேரமாக எழுதிக்கொண்டு, ஓர் இரவுக்கு அறை வாடகையும் தரட்டும். கட்டுப்படியாகாதென்றால் பேருந்து இருக்கவே இருக்கிறது. மேடையில் போர்த்திய பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.