வீடு வாங்கும் முடிவும் நுகர்வோர் நம்பிக்கையும்: தருமபுரி மாவட்டம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

வட்டி குறைந்துவிட்டது, இப்போது விட்டால் மனை விலை கைக்கு எட்டாது என்ற தூண்டுதலை மட்டும் நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்கி வீட்டில் இறங்குவதை நுகர்வோர் நம்பிக்கையின் வளர்ச்சியாகக் கொள்ளலாகாது என்பதும், பத்திரத்தையும் கடனின் சுமையையும் அக்குடும்பம் தானே சரிபார்த்துக்கொள்ள வழி ஏற்பட்டால்தான் தருமபுரி மாவட்டத்தின் வீட்டுச் சந்தை நிலைபெறும் என்பதும், இம்மாவட்ட நுகர்வோரின் நலனுக்காகச் செயல்படும் இவ்வமைப்பின் நிலைப்பாடாகும்.

தம் வருமானமும், வேலையும், விலைவாசியும், நாட்டின் பொருளாதாரமும் இன்று எப்படி இருக்கின்றன, வரும் ஆண்டில் எப்படி இருக்கும் என்று மக்கள் கொண்டுள்ள எண்ணத்தின் தொகுப்பையே பொருளியலார் நுகர்வோர் நம்பிக்கை என்கின்றனர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1946 முதல் இத்தகைய ஆய்வுகளை நடத்திய ஜார்ஜ் கட்டோனா, செலவு என்பது வாங்கும் சக்தியால் மட்டும் நடப்பதில்லை, வாங்கும் மனமும் சேர வேண்டும் என்று விளக்கினார். அரிசியையும் மருந்தையும் தள்ளிப்போட முடியாது; வீட்டை அடுத்த ஆண்டுக்கு, அதற்கடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிப்போடலாம் என்பதால், மனநிலையின் ஏற்ற இறக்கம் வீடு வாங்கும் முடிவில் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி நடத்தும் நுகர்வோர் நம்பிக்கை ஆய்வில் 100 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போனால் நிலைமை மோசமாகிவிட்டது என்று கருதுவோர் மிகுதி என்று பொருள். கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், நகர்ப்புற ஆய்வின் தற்போதைய நிலைக் குறியீடு 48.5 என்று அதுவரை இல்லாத அளவுக்கு வீழ்ந்தது. அதே வேளையில், வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியாகிய ரெப்போ விகிதம் 4 சதவீதமாகத் தாழ்ந்திருந்தது. கடன் மலிவாகக் கிடைப்பதும் மக்கள் துணிவு கொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த ஆய்வு சென்னை போன்ற பெருநகரங்களின் குடும்பங்களிடம் எடுக்கப்படுவது. 2011 கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான மக்களே நகரங்களில் வாழ்ந்த தருமபுரியின் மனநிலையை அதிலிருந்து ஊகிப்பது சரியாகாது. பாலக்கோட்டுத் தக்காளிக்கு ஒரு வாரம் கிடைக்கும் விலை மறுவாரம் பறிகூலிக்கும் கட்டாமல் போவதுண்டு. மாவும் பட்டுக்கூடும் மழையையும் சந்தையையும் பார்த்து நிற்பவை. பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்து அனுப்பும் பணமோ அங்கே வேலை இருக்கும் வரைதான். இங்கே மனை பார்க்க வருவோர் முதலில் கேட்கும் கேள்வி, போரில் எத்தனை அடியில் தண்ணீர், அது குடிக்க ஆகுமா என்பதே. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் பாதித்ததால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்ட மாவட்டம் இது. மேலும், இப்பகுதிக் குடும்பங்கள் பலவும் கட்டி முடித்த வீட்டை வாங்குவதில்லை. மனை வாங்கி, ஒரு வெள்ளாமைப் பணத்தில் கடைக்கால் போட்டு, அடுத்ததில் லிண்டல் வரை எழுப்பி, நகையை அடகு வைத்துக் கான்கிரீட் போடுகின்றன. வருங்கால மாடிக்கென்று தூண்களின் மேல் நீட்டிவிடப்பட்டுத் துருவேறி நிற்கும் கம்பிகள், எந்தக் குறியீட்டெண்ணும் காட்டாத அளவுக்கு அக்குடும்பங்களின் நம்பிக்கையையும் தயக்கத்தையும் ஒருசேரக் காட்டுகின்றன.

வருமானத்தின் மீதுள்ள நம்பிக்கையைப் போலவே பத்திரத்தின் மீதுள்ள நம்பிக்கையும் முடிவைத் தீர்மானிக்கிறது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளின் மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தபோது, விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாவதைத் தடுக்க அது தேவையான உத்தரவாகவே இருந்தது. ஆயினும் சிறுகச் சிறுகக் கட்டிய தவணையில் மனை வாங்கிவிட்டிருந்தவர்கள், பெண்ணின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அதை விற்கவும் முடியாமல் திகைத்தனர். 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து ஒரு வழி பிறந்தது. ஆனால் அதற்குரிய கட்டணங்களைச் செலுத்தும் சுமை, மனையைப் பிரித்து விற்றவரைவிட அதை வாங்கியவர் மீதே பெரிதும் விழுந்தது என்பதை இவ்வமைப்பு வேதனையோடு பதிவு செய்கிறது.

கடனில் உள்ள இடரும் இதே அளவு கவனத்துக்குரியது. 2022 மே மாதத்தில் தொடங்கிய உயர்வால் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாயிற்று. 20 ஆண்டுகளுக்கு 20 லட்சம் ரூபாய் கடன் 7 சதவீத வட்டியில் எடுக்கப்பட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 15,506 ரூபாய், வட்டி 9.5 சதவீதமானால் அதே கடனுக்கு 18,643 ரூபாய் கட்ட வேண்டும். தவணையை உயர்த்தாமல் பழைய தொகையையே கட்டுவதென்றால், முழு நிலுவைக்கு முதல் மாத வட்டி மட்டுமே 15,833 ரூபாய் ஆகிவிடுவதால், அசலில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. கடன் வாங்கும் நாளில் இந்தக் கணக்கைக் குடும்பத்தார் கண்ணால் கண்டிருந்தால் சிலர் கடன் தொகையைக் குறைத்திருப்பர், சிலர் ஓராண்டு பொறுத்திருப்பர். அந்தப் பொறுமையைச் சந்தையின் பலவீனமாக எண்ணுவது தவறு.

ஆகவே, மாறும் வட்டிக்குக் கடன் தரும் ஒவ்வொரு வங்கியும் வீட்டுவசதி நிறுவனமும், வட்டி இரண்டரை சதவீதம் உயர்ந்தால் தவணை எவ்வளவாகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒரே தாளில் தமிழில் எழுதித் தர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக இருந்த தருமபுரியில் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும் கடமையாகக் கொள்ளப்பட வேண்டும். வட்டி மாற்றத்தின்போது நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தரும்படி 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருந்தது; அந்த வாய்ப்பு இப்போது தம்மிடம் உண்டா என்பதை வங்கிகள் கிளைகளின் அறிவிப்புப் பலகையிலேயே தெரிவிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவுக்குரிய திட்டங்களின் விளம்பரங்களில் பதிவு எண் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. இவ்விரண்டும் தருமபுரி நகரில் மட்டுமன்றி அரூர், பென்னாகரம், காரிமங்கலம் சாலையோரப் பலகைகளிலும் நடைமுறையில் இருக்கின்றனவா என்பதை மாவட்ட நிர்வாகம் நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது. வில்லங்கச் சான்றும், தாய்ப்பத்திரமும், நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார வரைபடமும், குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையும் வாங்குவோர் கையில் கொடுக்கப்பட்டு, அவற்றைத் தமக்கு வேண்டியவரிடம் காட்டிக் கேட்க 15 நாளாவது அவகாசம் தரப்பட்ட பின்னரே முன்பணம் பெறப்பட வேண்டும். அதற்கு இசையாத விற்பனையாளரிடம் எந்த விலைச் சலுகைக்காகவும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மாவட்ட மக்களை இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.